இத்தா அறைக்குள் ஒரு முகம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்துக்கொண்டு வெளியே வந்த முதல் ஆள் நான். சந்தர்ப்பம் கிடைக்கும்போதெல்லாம் இதைச் சொல்லிவிடுவேன். நான் சொல்லாமல் விட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை. வாப்பா கையெழுத்தை எழுதுவதில்லை. நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு அதை வரைவார். உம்மா குர்ஆனை மளமளவென்று ஓதுவார். ஆனால் பஸ்ஸின் நெற்றியில் எந்த ஊர் எழுதியிருக்கிறது என்று பக்கத்தில் நிற்பவரிடம்தான் கேட்பார். இப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒரு பெண் பல்கலைக்கழகம் போகிறாள் என்றதும் ஊர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தது. சிலர் டாக்டர் என்றார்கள், சிலர் லோயர் என்றார்கள். நான் படிக்கப் போவது சித்திரம் என்று தெரிந்ததும் எல்லோரும் பழையபடி சாய்ந்துகொண்டார்கள்.

"படம் கீறவா அவ்வளவு தூரம் போற?" என்று கேட்டார் மாமி. மாமி என்றால் வாப்பாவின் தங்கை. "இங்க சொவரே இல்லையா?"

எங்கள் ஊரில் படம் கீறுவதில் ஒரு சிக்கல் உண்டு. மரம் கீறலாம், வள்ளம் கீறலாம், நுரைச்சோலை மின்நிலையத்துப் புகைபோக்கியைக்கூடக் கீறலாம். உயிருள்ளதைக் கீறக் கூடாது. கீறினால், மறுமையில் இதற்கு உயிர் கொடு பார்ப்போம் என்று கேட்கப்படும். ஆனால் பள்ளிக்கூடத்துச் சித்திரப் பாடத்தில் 'சந்தை', 'மீன் பிடித்தல்' என்று ஆட்களைத் தவிர்க்க முடியாத தலைப்புகளாகவே வரும். மதரசாவில் எங்களுக்கு ஓதித் தந்தவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துத் தந்தார். ஆளைக் கீறு. பிறகு கழுத்துக்குக் குறுக்கே ஒரு கோடு இழு. தலை வேறு, உடம்பு வேறு. ஆகவே அது உயிருள்ளது இல்லை. அதற்கும் பயமென்றால் முகத்தை வெறுமையாக விட்டுவிடு.

நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கீறினோம். ஒருமுறை புத்தளத்தில் நடந்த சித்திரப் போட்டிக்கு என்னைக் கூட்டிப்போனார்கள். கரைவலை இழுக்கும் பத்துப் பன்னிரண்டு பேரை நான் கீறியிருந்தேன். நடுவராக வந்த ஆசிரியை யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். என் தாளுக்கு மேலே குனிந்து நின்று வெகுநேரம் பார்த்தார்.

"ஏன் பிள்ளை, இவையள் எல்லாரும் கழுத்தில நூல் கட்டியிருக்கினம்?"

"அது நூல் இல்ல டீச்சர். வெட்டு."

முதல் பரிசு சூரியன் மறைகிற ஒரு படத்துக்குப் போனது. அதில் ஆட்களே இல்லை.

பல்கலைக்கழகத்தில் கழுத்துக் கோட்டை விட்டேன். முகத்தைக் கடைசிக்குத் தள்ளிவைக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை. கை, கால், கதிரை, யன்னல், சுவரில் தொங்குகிற கலண்டர் எல்லாம் முடிந்த பிறகுதான் முகத்துக்கு வருவேன். என் விரிவுரையாளர்கள் இதை ஒரு பாணி என்று நினைத்தார்கள். நானும் அப்படியே நினைக்கவிட்டேன்.

படித்து முடித்து ஊருக்கு வந்து, ஒரு பாடசாலையில் சித்திர ஆசிரியையாகச் சேர்ந்திருந்தபோது மாமா மௌத்தானார். மாமா, அதாவது மாமியின் கணவர், கருவாட்டு வியாபாரி. நல்ல மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோருக்கும் அவர் வீட்டில் தேத்தண்ணி கிடைத்திருக்கிறது, அதனால் சொல்லத்தான் வேண்டும். அந்தத் தேத்தண்ணியை ஊற்றியது மாமி. கரையிலிருந்து வருகிறவனுக்கு ஒன்று, லொறிக்காரனுக்கு ஒன்று, விலை பேச வந்து விலை பேசாமல் போகிறவனுக்கு ஒன்று. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மாமியை நான் உட்கார்ந்து பார்த்ததில்லை. மாமியின் முகம் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவருடைய முதுகுதான். அடுப்படியில் எங்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே.

கணவன் இறந்தால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். வீட்டோடு இருக்க வேண்டும் என்பதுதான் விதி. எங்கள் ஊர்ப் பெண்கள் அதைச் சுருக்கி ஓர் அறையோடு என்று ஆக்கிவிட்டார்கள். அந்நிய ஆண் முகம் பார்க்கக் கூடாது. அதற்கு வாசலில் ஒரு தடித்த திரை. அலங்காரம் கூடாது, அதற்கு வெள்ளை உடுப்பு. அதோடு, யார் தொடங்கிவைத்தது என்று யாருக்கும் தெரியாத ஒரு வழக்கமும் உண்டு. அறையில் கண்ணாடி இருக்கக் கூடாது. மாமியின் அலுமாரிக் கதவில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று பதித்திருந்தது. அதைக் கழற்ற முடியாததால் படுக்கை விரிப்பொன்றைப் போட்டு மூடி, நாலு மூலையிலும் ஊசி குத்தினார்கள். மௌலவி வந்து திரைக்கு வெளியே நின்று, இதெல்லாம் மார்க்கத்தில் இல்லை என்று பொறுமையாக விளக்கினார். பெண்கள் தலையாட்டினார்கள். அவர் போனதும் நடுவில் இன்னொரு ஊசி குத்தினார்கள்.

கெமரா உள்ள போனும் உள்ளே போகக் கூடாது என்று மாமாவின் தம்பி கட்டளை போட்டார். இத்தாவில் இருக்கிற பெண்ணின் படம் பேஸ்புக்கில் வந்துவிடுமாம். பென்சிலைத் தடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பாடசாலை விட்டு வந்து, பின்னேரங்களில் மாமிக்குத் துணையாகப் போய் உட்காருவேன். முதல் கிழமை மாமி அழுதார். இரண்டாம் கிழமை கொஞ்சம் குறைவாக அழுதார். அதன் பிறகு ஒரு நாள் போனபோது, பிளாஸ்டிக் கதிரையில் ஒரு காலை மடித்துப் போட்டு, ஒரு கையில் பிஸ்கட்டோடு உட்கார்ந்திருந்தார். முற்றத்தில் லொறி ஒன்று வந்து நின்று ஹோர்ன் அடித்தது. மாமியின் உடம்பு பழக்கத்தில் பாதி எழும்பியது. பிறகு தான் இத்தாவில் இருக்கிறோம் என்பது ஞாபகம் வந்து, மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தது. அப்படி உட்கார்ந்ததை நான் பார்த்தேன். ஒரு மனுஷி இவ்வளவு சுகமாக உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"புள்ள, என்ட மொகம் இப்ப எப்பிடி இரிக்கி?" என்று கேட்டார்.

"ஏன் மாமி?"

"எத்தின நாளா பாக்கல்ல. இவளுகள் அலுமாரியக் கழுவிக் கிடத்தின மையத்து மாதிரிப் பொத்தி வெச்சிரிக்காளுகள். நீதான் படம் கீறப் படிச்சவளே. கீறிக் காட்டேன்."

"கீறினா மறுமையில உயிர் குடுக்கச் சொல்லுவாங்களே."

"உயிரெல்லாம் இரிக்கி. மொகத்த மட்டும் கீறு."

ஆக, அந்தப் படம் ஒரு கண்ணாடிக்குப் பதிலாகத் தொடங்கியது. பெரிய தாளொன்றைப் பலகையில் குத்திக்கொண்டு போய்க் கரித்துண்டால் கீறத் தொடங்கினேன். திரையின் மேல் இடுக்கால் வரும் வெளிச்சம் மாமியின் ஒரு தோளில் மட்டும் விழுந்தது. பின்னால் விரிப்புப் போர்த்திய அலுமாரி. கால்மாட்டில், பக்கத்து வீட்டிலிருந்து வந்து காலியான சோற்றுக் கோப்பை. மாமி நன்றாக உட்கார்ந்தார். அலுப்பு வந்தால் மாமாவின் சொந்தக்காரர் ஒவ்வொருவரையும் பற்றி ஒரு கதை சொல்வார். அதையெல்லாம் எழுதினால் எனக்கு இந்த ஊரில் இருக்க முடியாது.

கை வந்தது. மடித்த கால் வந்தது. வெள்ளை உடுப்பின் மடிப்புகள் வந்தன. வழக்கம்போல முகத்தைக் கடைசிக்கு விட்டிருந்தேன். அந்த நிலையில்தான் அந்த வேலையைச் செய்தேன். பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்து, போனில் ஒரு படம் எடுத்து, கொழும்பில் இளம் பெண் ஓவியர்களுக்குக் கண்காட்சி ஒழுங்குசெய்துகொண்டிருந்த ஒரு பெண்மணிக்கு அனுப்பினேன். இன்னும் முடிக்காத வேலை, முகம் இனித்தான் வரும் என்று கீழே எழுதவும் செய்தேன். கீழே எழுதுவதை யாரும் வாசிப்பதில்லை.

அந்தப் பெண்மணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் டொல்பின் பார்க்க இரண்டு தடவை எங்கள் கற்பிட்டிக் கரைக்கு வந்திருக்கிறார். அதனால் எங்களை அவருக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாளே குரல் பதிவொன்று அனுப்பினார். தமிழும் ஆங்கிலமும் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு ஓடின. "அந்த முகமில்லாத முகம் இருக்கே, அது என்னை நித்திரைகொள்ள விடேல்ல. அந்த சைலன்ஸ். உங்கட சமூகத்துப் பெண்களின்ட முழு வலியையும் அந்த வெறுமைக்குள்ள வச்சிட்டீங்கள். நடுச் சுவர் உங்களுக்குத்தான்."

நடுச் சுவர் என்ற சொல்லை நான் பல தடவை திருப்பிப் போட்டுக் கேட்டேன். முதல் கண்காட்சி, கொழும்பு, நடுச் சுவர். வாப்பாவிடம் சொன்னேன். எந்தச் சுவர் என்றாலும் ஆணி ஒன்றுதானே என்றார்.

இதற்கிடையில் நான் போய் முகத்தைக் கீறி முடித்துவிட்டேன். மூன்று பின்னேரம் அதற்கே போனது. மாமியின் முகத்தில் துக்கம் இல்லை என்று சொல்ல முடியாது. கண்ணுக்குக் கீழே கொஞ்சம் இருந்தது. ஆனால் வாயின் ஓரத்தில் வேறொன்று இருந்தது. சாப்பிட்டு முடித்து, இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று தெரிந்துகொண்ட முகம் அது. கண் நேராகப் பார்த்தது. தேத்தண்ணி கேட்டு வருகிறவனைப் பார்த்து, நீயே ஊற்றிக் குடி என்று சொல்லப்போவதுபோல.

பலகையைத் திருப்பிக் காட்டினேன். மாமி கதிரையை இழுத்துப்போட்டு அதற்கு முன்னால் உட்கார்ந்தார்.

"நான் இப்பிடியா இரிக்கேன்?"

"ஓம்."

"அழுத மாதிரி இல்லையே."

"நீங்க அழல்லையே மாமி."

"மொதல் கிழமை அழுதன்."

"மொதல் கிழமை நான் கீற வரல்லையே."

மாமி இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஐடென்டி காட்ல உள்ள போட்டோவில இரிக்கிறது ஜெயிலால பாஞ்ச ஒருத்தி. கலியாணப் படத்தில முக்காடு மட்டும்தான் தெரியிது, உள்ளுக்கு ஆள் இரிக்கோ எண்டு சந்தேகம். இதுதான் என்ட மொகம். ஒரு கோடும் மாத்திராத, செல்லிப்போட்டன்."

சோற்றுக் கோப்பையை எடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் படத்தைப் பார்த்துவிட்டாள். அவள் தன் வீட்டில் சொன்னபோது படம் இலேசாகச் சிரித்தது. கடைச் சந்திக்குப் போனபோது பல் தெரிந்தது. பள்ளிவாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, புருஷன் மௌத்தாகி இத்தாவில் இருக்கிற பெண் கெக்கட்டமிட்டுச் சிரிக்கிற மாதிரிப் படம் கீறி வைத்திருக்கிறார்களாம் என்று ஆகிவிட்டிருந்தது. அன்றைக்கு அசர் தொழுகை முடிந்த கையோடு மாமாவின் தம்பி வந்தார். அவர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர். தொப்பியைக் கழற்றாமல் வந்தார், அதிலேயே விஷயம் பெரிது என்று தெரிந்தது.

வீட்டு முன் ஹோலில் கதிரையில் உட்கார்ந்தார். திரைக்கு அந்தப் பக்கம் மாமி. நடுவில் நான்.

"மகள், அந்தப் படத்த வெளிய கொண்டு வா, பாப்பம்."

"கொண்டு போகாத புள்ள," என்றது திரை. "நான் இத்தாவில இரிக்கேன்."

"படத்தத்தானே கேட்டன் மதினி."

"யாருட படம் தம்பி?"

"ஒங்கடதான்."

"என்ட மொகத்த நீங்க பாக்க ஏலுமா?"

மாமாவின் தம்பி தொப்பியைச் சரிசெய்தார். கணவனின் தம்பி அந்நிய ஆண். இத்தா சட்டமெல்லாம் எங்கள் வீட்டில் அதிகம் எடுத்துச் சொன்னவரே அவர்தான். "ஏலா," என்றார்.

"பொறகு?"

ஹராமான ஒரு படம் இருக்கிறது. அது ஹராமா என்று பார்ப்பதே ஹராம். நான் பல்கலைக்கழகத்தில் எவ்வளவோ விவாதம் கேட்டிருக்கிறேன், இவ்வளவு இறுக்கமாக ஒரு ஆளை மடக்கி நான் கேட்டதில்லை. மாமாவின் தம்பி என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார்.

"நீயே செல்லு. மொகம் எப்பிடி இரிக்கி? அழுகிற மாதிரியா?"

"இல்ல மாமா."

"சிரிக்கிற மாதிரியா?"

"இல்ல."

"அப்ப எப்பிடி?"

"சும்மா இருக்கிற மாதிரி."

அது அவருக்குச் சிரிப்பைவிட மோசமாகப் பட்டது. "சும்மாவா? என்ட கூடப்பொறந்த காக்கா மௌத்தாகி மூணு மாசம் ஆகல்ல. சும்மா இரிக்கிறாவா?"

திரைக்குப் பின்னால் பிஸ்கட் ஒன்று முறிகிற சத்தம் கேட்டது.

"சரி, நீ படிச்ச புள்ள," என்று என்னிடம் குழைந்தார். "ஒரு வேல செய்வம். ரெண்டு சொட்டுக் கண்ணீர் வெக்க ஏலுமா? சின்னதா. ஒரு பக்கம் மட்டும் வெச்சாலும் காணும்."

"கண்ணீர் வெச்சா ஹராம் இல்லையா மாமா?"

கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் அவ்வளவு நல்ல கேள்வியை வாய்க்குள் வைத்திருக்க முடியவில்லை. அவர் முகம் சிவந்தது. மார்க்கத்துக்குத் திரும்பினார். "அப்ப கழுத்துக்கு ஒரு கோடு இழு. நீ மதரசாவில படிச்சதுதானே. ஒரு கோடு போட்டா எல்லாம் சரி."

திரை அசைந்தது. "என்ட கழுத்த வெட்டவா அசர் தொழுதிட்டு வந்தீங்க தம்பி?"

"அப்பிடி இல்ல மதினி, அது ஒரு முறைக்கி."

"முறைக்கி வேணுமெண்டா ஒங்கட கழுத்தக் குடுங்க, புள்ள நல்லா கோடு இழுப்பா."

அவர் எழும்பினார். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, "ஊர் கதைக்கும்," என்றார்.

"கதைக்கட்டும். எனக்கும் பொழுது போகணுமே."

ஊர் கதைக்கத்தான் செய்தது. மாமி ஒவ்வொரு நாளும் என்னிடம் அன்றைய கதையைக் கேட்டு வாங்கினார். அதற்குள் படத்தில் மாமி நகை போட்டிருந்தார் என்ற அளவுக்குப் போயிருந்தது.

நான் முடித்த படத்தைப் போனில் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினேன். பெண்மணி உடனே எடுத்துக் கதைத்தார். அவருடைய குரலில், தெருவில் தெரிந்த ஆளைக் கூப்பிட்டு வேறு ஆள் திரும்பிப் பார்த்தால் வருமே, அந்த ஏமாற்றம் இருந்தது.

"ஏன் முகத்தைப் போட்டீங்கள்?"

"அவவுக்கு முகம் இருக்கு மேடம்."

"அது விளங்குது. ஆனா முதல்ல அது எல்லாப் பெண்களின்ட கதையுமா இருந்தது. இப்ப யாரோ ஒரு மனுஷி இருக்கிறா. அதுவும் அந்த எக்ஸ்ப்ரெஷன்... அவ சந்தோஷமா இருக்கிறாவோ எண்டு சனம் குழம்பும்."

"கொஞ்சம் சந்தோஷமாத்தான் இருந்தா. வாழ்நாளில முதல் தடவையா யாருக்கும் தேத்தண்ணி ஊத்தாம இருந்தா."

அந்தப் பக்கம் அமைதி. அவர் விரும்புகிற சைலன்ஸ் இது இல்லை என்று நினைக்கிறேன்.

"அதை அழிச்சிட்டு அனுப்ப ஏலாதா?" என்று கடைசியில் கேட்டார். "கரிதானே. இல்லாட்டி நடுச் சுவர் கஷ்டம். அறிமுகக் குறிப்பெல்லாம் எழுதியும் முடிஞ்சுது."

"மேடம், வேணுமெண்டா உங்களை முகமில்லாமக் கீறித் தரட்டுமா?"

சிரித்தார். பகிடி என்று நினைத்திருப்பார். யோசித்துச் சொல்லுங்கள் என்று போனை வைத்தார்.

யோசித்தேன். நான் அப்படியொன்றும் துறவி இல்லை. கரியை அழிறப்பரால் தொட்டால் போதும். ஒரு முகம் போவதற்கு ஒரு நிமிஷம் பிடிக்காது. பிறகு கொழும்பில் நடுச் சுவரில் என் பெயர். இந்த ஊரில் என்னைப் பார்த்து, படம் கீறவா அவ்வளவு தூரம் போனாய் என்று கேட்ட எல்லோரையும் ஒரு பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய் அந்தச் சுவருக்கு முன்னால் இறக்கிவிடலாம். அந்த பஸ்ஸைப் பற்றி நான் நிறைய யோசித்தேன். அழிறப்பரைக் கையில் வைத்துக்கொண்டே மாமியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

மாமி கவனமாகக் கேட்டார். "அந்தப் பொம்புள எங்கட பள்ளிவாசல் ஆளா?"

"இல்ல மாமி. அவ பெண்கள் உரிமைக்குக் கதைக்கிற ஆள்."

"அவவும் மொகத்த அழிக்கச் செல்றா?"

"ஓம்."

"ரெண்டு பேரும் பேசி வெச்சுத்தான் செய்றாங்களோ?"

நான் சிரித்துவிட்டேன். மாமி சிரிக்கவில்லை. எழும்பி வந்து படத்துக்கும் எனக்கும் நடுவில் நின்றார்.

"தம்பிக்கி நான் அழோணும். அந்தப் பொம்புளைக்கும் நான் அழோணும். மொகம் இல்லாட்டி ரெண்டு பேரும் அவங்கவங்கட அழுகைய அங்க வெச்சிக்கிருவாங்க. நான் எங்க போற? இங்க பாரு புள்ள, ஒனக்கு அந்தச் சொவர் வேணுமெண்டா வேற யாரையாவது கீறி அனுப்பு. மொகம் இல்லாம இரிக்க விருப்பமானவங்க எத்தினையோ பேர் இரிக்காங்க. இது நான். இத அழிச்சா எனக்கு இனி மூடின அலுமாரிதான்."

அழிறப்பரைப் பைக்குள் போட்டேன். அன்று மாலையே கொழும்புக்கு எழுதினேன்: படம் முடிந்துவிட்டது, முகத்தோடு. எடுக்க விரும்பினால் எடுங்கள். படத்தின் பெயர் 'மாமி, பின்னேரம்'. இம்முறை கீழே எழுதவில்லை, மேலே எழுதினேன்.

அவர்களுக்கும் வேறு வழி இருக்கவில்லை போலும். சுவரில் வெற்றிடம் விழுந்துவிடும். எடுத்தார்கள். நடுச் சுவரில் இல்லை. தண்ணீர்ப் போத்தல்கள் வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில், கழிவறைக்குத் திரும்புகிற மூலையில். அங்கே ஒரு வசதி, எல்லோரும் ஒரு தடவையாவது அந்த வழியாகப் போகத்தான் வேண்டும்.

கண்காட்சி திறப்பதற்குள் மாமியின் இத்தா முடிந்திருந்தது. முடிந்த அன்று பெண்கள் வந்து அலுமாரியின் ஊசிகளைக் கழற்றினார்கள். மாமி கண்ணாடியை ஒரு தரம் பார்த்துவிட்டு, கொழும்புக்கு என்ன உடுப்பது என்று கேட்டார். மாமாவின் தம்பி அந்தப் பயணத்தைப் பற்றி வாப்பாவிடம் முறையிட்டார். வாப்பா, இத்தா முடிந்துவிட்டதே, பிறகென்ன, என்று மட்டும் சொன்னார். வாப்பா ஒரு வாக்கியத்துக்கு மேல் கதைப்பவர் இல்லை.

சிலாபம் தாண்டும்வரை மாமி நன்றாக வந்தார். அதற்குப் பிறகு பஸ் ஒத்துக்கொள்ளாமல் பையில் சத்தியெடுக்கத் தொடங்கினார். கொழும்பில் இறங்கி, முகம் கழுவி, புது முக்காட்டைப் பின் குத்தி நேராக்கிக்கொண்டுதான் உள்ளே வந்தார். நடுச் சுவரில் ஒரு யன்னல் தொங்கியது. ஆள் இல்லாத யன்னல். அதற்கு முன்னால் நிறையப் பேர் நின்றார்கள். மாமி அதைத் திரும்பியும் பார்க்காமல், என் பின்னால் மூலைக்கு வந்தார்.

அங்கே அவர் இருந்தார். கண்ணாடிச் சட்டத்துக்குள், கதிரையில், ஒரு காலை மடித்துப் போட்டுக்கொண்டு. கீழே மூன்று மொழியில் அச்சடித்த அட்டை ஒன்று. குறிப்புகள் எழுதி முடிந்துவிட்டன என்று பெண்மணி சொன்னது உண்மைதான். யாரும் அதை மாற்றவில்லை.

இரண்டு இளைஞர்கள் வந்து அட்டையைக் குனிந்து வாசித்தார்கள். பிறகு படத்தைப் பார்த்தார்கள். "அந்த இல்லாத முகம்," என்றான் ஒருவன், மெதுவாக. மற்றவன் தலையாட்டினான். மாமி அவர்களுக்குப் பக்கத்தில்தான் நின்றார், படத்தில் இருக்கிற அதே கண்களோடு. இருவரும் மரியாதையாக அவரைச் சுற்றிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனார்கள்.

"என்ன எழுதிரிக்கி புள்ள?" என்று கேட்டார் மாமி.

வாசித்துக் காட்டினேன். தலைப்பு 'முகம் மறுக்கப்பட்டவள்'. என் தலைப்பு எங்கும் இல்லை. குரல் பறிக்கப்பட்ட ஒரு பெண்ணின் அழிக்கப்பட்ட முகத்தை, கடலோரத்து இளம் ஓவியர் வெறுமையின் மொழியில் பேசுகிறார். இப்படி ஆறு வரி.

மாமி அட்டையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். "அப்ப இது யாரு?"

"அவங்களுக்குத் தெரியாது மாமி. எழுதினவங்க அப்ப இந்தப் படத்தப் பாக்கல்ல."

"பாத்திட்டுப் போனவங்களும் பாக்கல்லையே."

பெருவிரல் நகத்தால் அட்டையின் ஒரு மூலையைக் கிளப்பினார். இரட்டைப் பக்கம் ஒட்டும் நாடாவில் ஒட்டியிருந்தார்கள், இலேசாக வந்துவிட்டது. நான் தடுக்கவில்லை. மாமி அதைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு அந்த இடத்திலேயே நின்றுகொண்டார். அடுத்து வந்த ஒரு சிங்களப் பெண் வாசிக்க ஒன்றும் இல்லாததால் படத்தைப் பார்த்தார். பிறகு மாமியைப் பார்த்தார். திரும்பப் படத்தைப் பார்த்தார். கருவாட்டுக்காரர்களோடு பழகிய சிங்களத்தில் மாமி அவரிடம் சொன்னார், அது நான்தான், மருமகள் கீறியது என்று. அந்தப் பெண் நிறைய நேரம் நின்றார். இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்தார்.

ஆட்கள் சேர்ந்ததைக் கண்டு பெண்மணி வந்தார். கூடவே கெமராக்காரர் ஒருவர். படத்தில் இருப்பவர் இவர்தான் என்று தெரிந்ததும் பெண்மணியின் கண் கலங்கியே விட்டது. மாமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் எவ்வளவு தாங்கியிருப்பீங்கள் அம்மா."

"பஸ்ஸத்தான் தாங்க ஏலாமப் போச்சு," என்றார் மாமி.

பெண்மணி கெமராக்காரரிடம் ஏதோ சொன்னார். பிறகு மாமியின் தோளை மெதுவாகத் தொட்டுத் திருப்பப் பார்த்தார். "அம்மா, கொஞ்சம் சுவர்ப் பக்கம் திரும்பி நில்லுங்களேன். முதுகு மட்டும் தெரியிற மாதிரி. நல்ல அர்த்தமா இருக்கும்."

மாமி என்னைப் பார்த்தார். "என்ன செல்றா?"

"ஒங்கட முதுகு வேணுமாம்."

மாமி அந்தக் கையைத் தன் தோளிலிருந்து எடுத்து, மரியாதையாக, பெண்மணியிடமே திருப்பிக் கொடுத்தார். முக்காட்டின் பின்னைச் சரிபார்த்தார். "சிலாபத்தில இருந்து சத்தியெடுத்துக்கொண்டு வந்தது சொவரப் பாக்கவா?" என்றார் என்னிடம். பிறகு கெமராக்காரரைப் பார்த்து, "எடுங்க மகன்," என்றார்.

கெமராக்காரர் பெண்மணியைப் பார்த்தார். பெண்மணி இன்னும் காத்திருந்தார். மாமி திரும்பவில்லை.